யாழினி ஆபீஸ் திறக்கும் முன்

ஈரோடு,
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. ஆபீஸில் வைத்துப் பிரிக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து, எல்லோரும் தூங்கிய பிறகு படித்தேன். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற விடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பையன் பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்து போகிறான்.

யாழினி சி.ஏ. முடித்து, ஆடிட்டராகத் தொழில் செய்ய பிராக்டிஸ் சர்டிபிகேட் வாங்கி, பாளையங்கோட்டையில் சொந்தமாக ஆபீஸ் போடப் போகிறாள் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். நாம் இரண்டு பேரும் மதுரையில் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. நீ பேங்குக்குப் போனாய், நான் இதிலேயே நின்றுவிட்டேன். இப்போது உன் வீட்டிலிருந்து ஒருத்தி இந்த வேலைக்கு வருகிறாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடிதத்தின் அடியில் அவளே ஒரு கேள்வி எழுதியிருந்தாள். “கோமதி அத்தை, கிளையண்ட் விவரங்கள் வெளியே போகாமல் இருக்க என்ன சாப்ட்வேர் போட வேண்டும், எந்த மாதிரி பீரோ வாங்க வேண்டும்?” ஆபீஸ் திறக்கும் முன்பே இதைக் கேட்கத் தோன்றியதே, அதுவே நல்ல அறிகுறி. நான்கு வரியில் பதில் சொல்லிவிட முடியாது என்பதால் உனக்கே நீளமாக எழுதுகிறேன். அவளிடம் கொடு. கீழே சொல்லும் சம்பவங்களில் தொழிலையும் உறவையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். யார் என்று யூகிக்க வேண்டாம்.

மதுரையில் நம் சீனியர் மேஜை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? யாராவது உள்ளே வந்தால், முதலில் கையிலிருக்கும் பைலைக் கவிழ்த்து வைப்பார். பிறகுதான் “வாங்க” என்பார். பைல் முதுகில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஒரு நாள் நாம் இரண்டு பேரும் டிபன் கடையில் உட்கார்ந்து, ஒரு கடைக்காரரின் சரக்கு இருப்பு சரியாக வரவில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அதே கடையின் கணக்குப்பிள்ளை. மறுநாள் சீனியர் நம்மைத் திட்டவே இல்லை. “இனிமேல் இந்தக் கட்டடத்துக்கு வெளியே எந்தக் கிளையண்ட் பெயரும் உங்களுக்குத் தெரியாது” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பயம் இன்றுவரை போகவில்லை. போகவும் வேண்டாம்.

யாழினிக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். முகம் தெரியாத ஹேக்கரைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதுதான். ஆனால் நம்மைப் போன்ற சின்ன ஊர் ஆபீஸில் விவரம் கேட்டு வருகிறவர் பெரும்பாலும் தெரிந்தவர். நாம் மரியாதை வைத்திருக்கும் ஒருவர், நேராக வாசல் வழியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார்.

போன வருஷம் அப்படித்தான் ஒருவர் வந்தார். பதினெட்டு வருஷமாக எங்கள் கிளையண்ட், என்னைக் கூடப்பிறந்த தங்கையாக நினைப்பவர். பெண்ணுக்கு வரன் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாரும் எங்களிடம்தான் கணக்குக் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “ஏனுங்க மேடம், மில்லு நல்லா ஓடுதுங்களா, கடன் கிடன் இருக்குதுங்களா? ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கை. ஆனாலும், “அண்ணா, யார் எங்களிடம் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதையே நான் யாருக்கும் சொல்வதில்லை. உங்களைப் பற்றி யாராவது வந்து கேட்டாலும் இதே பதில்தான்” என்றேன். “நமக்குள்ள என்னங்க மேடம்” என்று முகம் வாடிப் போனார். மூன்று மாதம் அவர் வரவில்லை, பையனை அனுப்பினார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நல்லவிதமாக இருக்கிறவர்களைப் பற்றி “தாராளமாகப் பெண் கொடுக்கலாம்” என்று சொல்லிவிட்டு, மற்றவர்களைப் பற்றி மட்டும் “சொல்லக் கூடாது” என்றால், அந்த மறுப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதனால் நல்ல சேதியையும் சொல்லக் கூடாது. எல்லோருக்கும் எப்போதும் ஒரே பதில். அப்பா வந்து மகனின் சம்பளத்தைக் கேட்பார். மனைவி வந்து கணவரின் கடனைக் கேட்பார். வருமான வரி ரிட்டர்ன் யாருடையதோ அவர் எழுதித் தந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் இல்லை. வரவேற்பில் உட்காரும் பெண்ணுக்குத்தான் முதலில் இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும், ஏனென்றால் கேள்வி முதலில் அவளிடம்தான் வரும்.

சரி, இப்போது எங்கள் ஆபீஸிலேயே நடந்த தப்பைச் சொல்கிறேன். ஒரு ஜூலை மாதம், கடைசி வாரம். அண்ணன் தம்பி இருவர், தனித்தனி வியாபாரம், இனிஷியலும் ஒன்று. அண்ணனின் வருமானக் கணக்கீட்டை எங்கள் ஜூனியர் பையன் ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்பிவிட்டான். அதில் அண்ணன் ஒரு மனை விற்ற லாபம் இருந்தது. அந்த மனை விற்றதே தம்பிக்குத் தெரியாது. இரண்டே நிமிஷத்தில் ‘டெலிட்’ செய்தான். அதற்குள் எதிர்ப்பக்கம் நீல டிக் விழுந்திருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் அண்ணன் வீட்டுக்கே போனேன். தம்பி வாயால் தெரியும் முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். நடந்ததை அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்தவில்லை, காபி கூடக் கொடுத்தார். அடுத்த வருஷம் வேறு ஆடிட்டரிடம் போய்விட்டார். அந்த ஆடிட்டர் முறைப்படி எனக்குக் கடிதம் எழுதிக் கேட்டபோது, ஆட்சேபம் இல்லை என்று மட்டும் பதில் போட்டேன். அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். நள்ளிரவு வரை வேலை வாங்கியது நான். பெயரை வைத்து எண்களைச் சேமிக்க விட்டதும் நான்தான்.

அதன்பிறகு எங்கள் ஆபீஸில் யாரும் சொந்தப் போனிலிருந்து கிளையண்டுக்கு எதுவும் அனுப்புவதில்லை. ஆபீஸுக்கென்று ஒரு எண். அதில் பெயரோடு பைல் எண்ணும் சேர்த்துத்தான் பதிவாகியிருக்கும். அனுப்புவதற்கு முன் இன்னொருவர் அந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும். ராத்திரி எட்டுக்கு மேல் எதுவும் வெளியே போகாது.

பி.டி.எஃப்.புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று யாழினி நினைக்கலாம். வருமான வரி போர்ட்டலில் இறக்கும் ஏ.ஐ.எஸ். என்ற வருடாந்தரத் தகவல் அறிக்கையின் பாஸ்வேர்டு, பான் எண்ணைச் சின்ன எழுத்தில் போட்டுப் பிறந்த தேதியைச் சேர்ப்பது. அது ஊருக்கே தெரிந்த சூத்திரம். அண்ணனின் பானும் பிறந்த தேதியும் தம்பிக்குத் தெரியாதா? 2021இல் வந்த இந்த ஏ.ஐ.எஸ்.ஸில் பேங்க் வட்டி, பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், வாங்கி விற்ற சொத்து என்று ஒருவர் வாழ்க்கையே வரிசையாக இருக்கிறது. நம் காலத்தில் கிளையண்ட் கொண்டு வந்து காட்டியதுதான் நமக்குத் தெரியும். இப்போது அவர் மறந்துபோனதும் நமக்குத் தெரிகிறது. அதனால் வேறு பாஸ்வேர்டு போட்டு, அதைத் தனியாகப் போனில் சொல்கிறோம்.

அப்புறம் டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்தை வைத்திருக்கும், கம்ப்யூட்டரில் செருகும் பென்டிரைவ் மாதிரியான சாதனம். இதில் நான் பிடிவாதமாகவே பேசுவேன். பல ஆபீஸ்களில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய கிளையண்டுகளின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எங்களிடமும் அப்படித்தான் இருந்தது. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காகிதத்தை ஒருவர் நம்மிடம் கொடுத்தால் வாங்குவோமா? இது அதைவிடப் பெரியது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 42ஆவது பிரிவே, அந்தக் கையெழுத்தின் திறவுகோலைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சொந்தக்காரரின் பொறுப்பு என்கிறது. “உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்” என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து முடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. இப்போது கிளையண்ட் நேரில் வந்து, தானே செருகி, தானே பாஸ்வேர்டு அடிக்கிறார். கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை கணக்கைப் பார்க்கவும் செய்கிறார். அது நான் எதிர்பார்க்காத நன்மை.

போர்ட்டலில் ஆடிட்டரின் போன் எண்ணையும் மெயிலையும் கொடுப்பதும் இதே ரகம்தான். நோட்டீஸ் வந்தால் கிளையண்டுக்கே தெரியாது. முதல் எண் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். ஓடிபி நேரத்துக்கு வராமல் யாழினி கொஞ்சம் கஷ்டப்படுவாள், படட்டும்.

ஆனால் ஆபீஸிலேயே மிக ஆபத்தானது, எல்லாக் கிளையண்டின் பானும் பாஸ்வேர்டும் வரிசையாக எழுதிய ஒரே ஒரு எக்செல் பைல்தான். அது ஒரு பென்டிரைவில் ஏறினால் அத்தனை பேரும் அதோடு போனார்கள். தயவுசெய்து அப்படி ஒன்றை அவள் உருவாக்கவே வேண்டாம். முதல் நாளிலிருந்தே பாஸ்வேர்டு மேனேஜர் வைக்கட்டும். ஒருவர் விலகினால் அன்றைக்கே அவர் அறிந்த பாஸ்வேர்டு எல்லாம் மாற வேண்டும். நாம் மூன்று வருஷம் ஆர்ட்டிகிள்ஸ் செய்தோம். 2023இலிருந்து அது இரண்டு வருஷம்தான், பிள்ளைகள் சீக்கிரம் மாறிக்கொண்டே இருப்பார்கள். கணக்கு எழுதும் டேலி சாப்ட்வேரில் ‘டேலிவால்ட்’ போட்டால் டேட்டா பூட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டை மறந்தால் அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. அதனால் அதை மட்டும் ஒரு கவரில் எழுதி, அரக்கு வைத்து, உன் பேங்க் லாக்கரில் போட்டு வை.

சட்டம் அவளுக்குப் பரீட்சைக்குப் படித்தது புதிதாகவே இருக்கும். 1949ஆம் வருஷத்துச் சி.ஏ. சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் முதல் பகுதியின் முதல் வரியே இதுதான்: கிளையண்டின் சம்மதமோ சட்டத்தின் கட்டாயமோ இல்லாமல், தொழிலில் தெரிந்ததை வெளியே சொன்னால் அது ஒழுங்குமீறல். ஆனால் கிளையண்டிடம் பொய் நம்பிக்கையும் கொடுக்கக் கூடாது. வக்கீலிடம் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்த பிறகும் அது வக்கீலுக்குத்தான். வரித் துறை முறைப்படி சம்மன் அனுப்பினால் நாம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போதும் கேட்டதற்கு மட்டும் பதில், எழுத்தில் வந்ததற்கு மட்டும் பதில். “கொஞ்சம் போனிலேயே சொல்லிடுங்களேன்” என்றால் முடியாது.

இன்னொன்றை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். ஒரு நூற்பாலையின் சம்பளப் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. அதில் வேலை பார்க்கும் பெண்களின் பெயர், ஆதார் நகல், பேங்க் கணக்கு எண், பி.எஃப். எண், பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் இருந்தன. அவர்கள் எங்கள் கிளையண்ட் இல்லை. எங்கள் ஆபீஸ் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. முதலாளியின் ரகசியத்தைப் பற்றி இவ்வளவு யோசித்த நான், அந்தப் பெண்களின் ஆதார் நகல்களை ஒரு அட்டைப்பெட்டியில் மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து அத்தனையும் பிரித்து, மில்லுக்குத் திருப்பி அனுப்பினேன். எங்கள் வேலைக்குப் பி.எஃப். எண் போதும். ஆதார் கட்டாயம் தேவைப்படும் இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலை வாங்குகிறோம். 2023 ஆகஸ்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். முக்கியமான கடமைகளுக்கு, விதிகள் வந்ததிலிருந்து 18 மாதம் அவகாசம். ஆனால் நான் அந்தப் பெட்டியைப் பிரித்தது அதற்காக இல்லை, செல்வி. அதில் ஒரு போட்டோ நம் ஊர்க்காரப் பெண் மாதிரியே இருந்தது.

தணிக்கைக் காகிதங்களை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேலானதை நாங்கள் ஆபீஸிலேயே மெஷினில் நறுக்கிவிடுகிறோம். பழைய பேப்பர்காரருக்கு நறுக்கியதுதான் போகும். எடை குறைவு என்று அவர் காசு குறைத்துத் தருவார், பரவாயில்லை.

பீரோவைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. கனமான இரும்பு பீரோ ஒன்று போதும், சாவி இரண்டு பேரிடம். மேஜை மட்டும் வாசலுக்கு முதுகு காட்டி வேண்டாம் என்று சொல். உள்ளே வருகிறவர் கண்ணில் கம்ப்யூட்டர் திரை படக் கூடாது.

திறப்பு விழா நாளை முடிவு செய்ததும் போன் செய். முந்தின நாளே வந்துவிடுகிறேன். மதுரையில் நாம் உபயோகித்த அந்தப் பழைய எண் முத்திரை, பைல் முதுகில் குத்துவது, இன்னும் என்னிடம் இருக்கிறது. சீனியர் ஓய்வு பெற்றபோது எனக்குக் கொடுத்தார். யாழினிக்கு எடுத்து வருகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கோமதி