கி.மு. 660-ன்னு எப்படிப் போட்டீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் ஜப்பான் கட்டுரையில, கி.மு. 660-ல ஜிம்மு மன்னர் பேரரசை நிறுவினார்னு ஒரு வரி. மரபுக் கதைன்னோ நம்பிக்கைன்னோ ஒரு வார்த்தை கூட இல்லாம அப்படியே வரலாறா போட்டிருக்கீங்க. மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

அந்த வருஷம், கி.பி. 720-ல அரசவை எழுதி முடிச்ச நிஹோன் ஷோகிங்கிற வரலாற்று நூலை வெச்சுப் போட்ட கணக்குன்னு உங்களுக்குத் தெரியாததா? 1940-ல ராணுவ ஆட்சி இதே கணக்குலதான் 2600-வது ஆண்டுன்னு நாடு முழுக்க விழா எடுத்துச்சு, அதே வருஷம் அந்தப் பழைய கதைகளைக் கேள்வி கேட்ட வரலாற்றாசிரியர் சுடா சோகிச்சியோட புத்தகங்களைத் தடை பண்ணி அவரைக் கோர்ட்டுக்கு இழுத்தாங்க. ஒரு மனுஷன் அவ்வளவு பட்டு நமக்குச் சொல்லிட்டுப் போன விஷயம் சார் இது.

நான் ஒசாகா பக்கம் வேலை பார்த்தவன். சகாய்ல இருக்கிற டைசென் கொஃபுன் கல்லறைமேடு 486 மீட்டர் நீளம், ஆனா கிட்டப் போனா அகழித் தண்ணியும் அடர்ந்த மரமும்தான் தெரியும், வேலிக்கு அந்தப் பக்கம் யாரையும் விடமாட்டாங்க. அதைச் சுத்தி நடந்து பார்த்தாதான் இவ்வளவு மண்ணை வெட்டிக் கொட்ட எத்தனை ஊர் ஜனத்தைத் திரட்டியிருக்கணும்னு உறைக்கும். ஜப்பானோட ஆரம்பகால யமாத்தோ ராஜாக்கள் கை அந்தளவு ஓங்கினது 5-ம் நூற்றாண்டுலதான். சைதாமாவுல கிடைச்ச இனாரியாமா வாளை 1978-ல எக்ஸ்ரே எடுத்தப்ப தங்கத்துல பதிச்ச 115 எழுத்து தெரிஞ்சுது, வகடாகெருங்கிற யமாத்தோ மகாராஜாகிட்ட சேவகம் பண்ணின ஒருத்தன் தன் முன்னோர் பேரையெல்லாம் வரிசையா பொறிச்சு வெச்சிருக்கான், வருஷம் 471-ன்னுதான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்றாங்க. கைக்குக் கிடைச்ச ஆதாரத்தை விட்டுட்டு கதையை எதுக்குப் பிடிச்சீங்க?

கட்டுரையில கொரியான்னு ஒரு பேச்சே இல்ல, அது இன்னும் வருத்தம். புத்த மதம் கொரியாவோட பெக்ஜே ராஜ்ஜியத்துலேர்ந்துதான் ஜப்பானுக்குப் போச்சு. அந்த பெக்ஜேவுக்கு உதவப் போய் 663-ல சீனாவோட டாங் படை, கொரியாவோட இன்னொரு ராஜ்ஜியமான சில்லா படைன்னு ரெண்டுகிட்டயும் ஜப்பான் தோத்து, எங்க நம்ம மேலயும் பாய்ஞ்சிடுவாங்களோங்கிற பயத்துல கியூஷு தீவுல கோட்டை கட்டி, குடும்பம் குடும்பமா பதிவேடு எடுத்து, 672 வாரிசுச் சண்டையில ஜெயிச்ச டென்மு மன்னர் அதிகாரத்தைத் தன் கையில குவிச்சு, கடைசியா 701-ல தைஹோங்கிற சட்டத் தொகுப்பு வந்து... இப்படித்தான் அந்த அரசு உருவாச்சு, ஒரே நாள்ல ஒரே ராஜா கட்டினது இல்ல.

முன்னாடி ஷோடோகு இளவரசர் துணுக்குக்கு சாமுராய் படம் போட்டீங்க. அவர் காலத்துல சாமுராயே கிடையாதுன்னு எழுதினேன், பதில் வரல. இன்னொரு கடிதத்துல பாராட்டின ரெண்டு வரியை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை வெட்டிட்டீங்க. வருஷக்கணக்கா சந்தா கட்டி, பசங்ககிட்ட இதைப் படின்னு நீட்டுறவன் நான். என் பொண்ணு அந்த 660-ஐ ஸ்கூல் நோட்டுல எழுதி வெச்சிருக்கா.

அடுத்த இதழ்ல ஒரு ஓரத்துல ரெண்டு வரி திருத்தம் போடுங்க, போதும். இந்தக் கடிதத்துக்கு இடம் இல்லைன்னா பரவாயில்ல, போட்டா கொரியா பத்தின பத்தியை மட்டும் தயவுசெஞ்சு வெட்டாதீங்க.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்