ஸ்கேட்போர்டு பழகும் பிள்ளைகளுக்கு வடசென்னையில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் பல ஆண்டுகளாக பனியன்களுக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்துவருகிறேன். கட்சிக் கூட்டங்களுக்கும் கால்பந்து, கேரம் போட்டிகளுக்கும் அச்சடித்துவந்த என்னிடம், சென்ற ஆண்டு தண்டையார்பேட்டை இளைஞர்கள் மூவர் ஐம்பது டி-சர்ட் கேட்டு வந்தார்கள். ஸ்கேட்போர்டு என்னும் சக்கரப் பலகை ஓட்டும் அவர்கள், யாருடைய முதலீடும் இல்லாமல் கைக்காசைப் போட்டுத் தங்களுக்கென்று ஒரு பிராண்டு தொடங்கியிருந்தார்கள். முதுகு முழுக்க அச்சிடக் கொண்டுவந்த வாசகம், 'ஓரமா போக மாட்டோம்'. வழக்கமான 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விழுந்தால் தரையில் உரசி ஒரே நாளில் கிழிந்துவிடும், 240 வேண்டும் என்றார்கள். அலங்காரத்துக்காகத் தடித்த துணி கேட்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தச் சட்டையோடு தெருவில் போகிறவர்களை 'ரவுடிப் பசங்க' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. ஒரு ஞாயிறு விடியற்காலையில் அவர்களோடு போயிருந்தேன். பூட்டிய கடைகளின் முன்னால் இருந்த வழவழப்பான தரையில், ஓடும் பலகையோடு படி தாண்டப் பழகிக்கொண்டிருந்த ஒரு பையன், முழங்கையில் ரத்தம் கசியக் கசிய ஏழெட்டு முறை விழுந்து, மறுபடி ஏறி நின்றான். அரை மணி நேரத்திற்குள் காவலாளி வந்து விரட்டிவிட்டார். அந்த வாசகம் திமிரில் எழுதியதல்ல, போகும் இடமெல்லாம் துரத்தப்பட்ட பிள்ளைகள் எழுதியது.

நியூயார்க்கில் 1994-இல் ஸ்கேட்போர்டு பிள்ளைகளுக்கான சிறிய கடையாகத் தொடங்கியதுதான், இன்று உலகமெங்கும் பெரும் விலைக்கு விற்கும் சுப்ரீம் ஆடை பிராண்டு. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் முதன்முறையாக இடம்பெற்றபோது, பெண்கள் பிரிவு ஒன்றில் ஜப்பானின் மோமிஜி நிஷியா 13 வயதில் தங்கம் வென்றார்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கோ சமமான தரைகூடக் கிடையாது. பலகையின் சக்கரங்கள் சிறியவை, கெட்டியானவை. ஒரு சிறு ஜல்லி சிக்கினாலே பலகை அப்படியே நின்று, ஓட்டுபவன் முன்னால் போய் விழுவான். தோண்டிப் போட்ட சாலைகளிலும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலும் அவர்களைப் பழகச் சொல்ல முடியுமா? வடசென்னையில் மாநகராட்சி விளையாட்டுத் திடல் ஒன்றின் மூலையில், வழவழப்பான சிமெண்ட் தரையும் இரண்டடி உயரச் சரிவு ஒன்றும் அமைத்துத் தருமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். தரை போடும் முன் இந்தப் பிள்ளைகளையும் அழைத்து, சரிவு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்க்ரீன் பிரிண்டிங் தொழிலாளி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.