லா புஷ் மக்கள் கதைமாந்தர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் பயணப் பக்கத்தில், ரத்தக் காட்டேரிகளும் ஓநாய் மனிதர்களும் வரும் ‘ட்வைலைட்’ என்ற ஆங்கில நாவலின் களமான ஃபோர்க்ஸ் நகரையும் அதை அடுத்த லா புஷ் கடற்கரையையும் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஒலிம்பிக் தீபகற்பத்தின் மழையையும் பாசி போர்த்திய மரங்களையும் கட்டுரையாளர் கண்முன் நிறுத்தியிருந்தார். ஆனால் லா புஷ் பற்றிய பகுதி, ‘ஓநாய் மனிதர்களின் கிராமம்’ என்ற ஒரே தொடரோடு முடிந்துவிட்டது. அங்கே வாழ்பவர்கள் குவிலியூட் என்னும் பழங்குடியினர் என்ற செய்திகூட அதில் இல்லை. அது விடுபடும்போது அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சென்ற கோடையில் நேரில் கண்டவள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பதினாறு வயதான என் மகள் அந்த நாவலைப் பலமுறை படித்தவள். அவளுக்காகத்தான் சியாட்டிலிலிருந்து ஒரு சுற்றுலா வேனில் இடம் பதிவு செய்தேன். லா புஷ் படகுத்துறையில் ஓர் இளைஞர் சால்மன் மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். எங்கள் வேனில் வந்த இருவர் அவரை நெருங்கி, சட்டையைக் கழற்றிவிட்டுப் படத்துக்கு நிற்க முடியுமா என்று கேட்டார்கள். அந்நாவலின் திரைப்படத்தில், ஓநாயாக மாறும் குவிலியூட் இளைஞர்கள் அப்படித்தான் நிற்பார்கள். அவர் பதில் பேசவில்லை. கத்தியில் ஒட்டியிருந்த செதில்களை வழித்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தார். எங்கள் வழிகாட்டியோ சிரித்தார். என் மகள் கைப்பேசியைப் பைக்குள் வைத்தவள், ஊர் திரும்பும்வரை வெளியே எடுக்கவில்லை.

அந்த இளைஞர் கையில் இருந்த மீனுக்கு ஒரு வரலாறு உண்டு. நாவலில், ரத்தக் காட்டேரிகளுக்கும் ஓநாய்க் கூட்டத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் வருகிறது. அதன் எல்லைக்கோட்டை ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். உண்மையான ஒப்பந்தம் 1855-56 ஆண்டுகளில் அமெரிக்க அரசோடு ஏற்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஆண்ட மிகப் பெரிய நிலப்பரப்பை அதன்மூலம் இழந்த குவிலியூட் மக்கள், வழக்கமாக மீன்பிடித்த இடங்களில் தொடர்ந்து மீன்பிடிக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ஒப்பந்தம் செய்த பழங்குடிகளுக்கு, பிடிக்கத்தக்க மீன்வளத்தில் பாதி உரியது என்று கூட்டாட்சி நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளிக்க 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படகுத்துறையில் நாங்கள் பார்த்தது அந்த உரிமையின் அன்றாட வாழ்வு. படம் எடுக்கக் கேட்டவர்களுக்கு அது தெரியாது. சொல்லவேண்டிய வழிகாட்டியும் சொல்லவில்லை.

ஒப்பந்தத்துக்குப் பிறகு தெற்கே குவினால்ட் பகுதிக்குக் குடிபெயருமாறு அரசு சொன்னபோது, இம்மக்கள் தங்கள் ஆற்றுமுகத்தை விட்டு நகர மறுத்துவிட்டார்கள். 1889-இல் குடியரசுத் தலைவர் கிளீவ்லண்டின் ஆணையால் ஏறத்தாழ ஒரு சதுர மைல் நிலம் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில், ஊரார் வேலைக்காக வெளியூர்த் தோட்டங்களுக்குச் சென்றிருந்த வேளையில், அந்த நிலத்துக்கு உரிமை கொண்டாடிய ஒரு வெள்ளைக் குடியேறி ஊருக்குத் தீ வைத்தார். 26 வீடுகள் எரிந்து சாம்பலாயின. சடங்கு முகமூடிகள், கூடைகள், வேட்டைக் கருவிகள் என்று முன்னோர் விட்டுச்சென்றவை எல்லாம் அவற்றோடு போயின.

ஓநாய் பற்றியும் ஒரு திருத்தம் தேவை. உருமாற்றும் ஆற்றல் கொண்ட ஒருவர் ஓநாய்களை மனிதராக்கினார், அவர்களே தங்கள் முன்னோர் என்பது குவிலியூட் மக்களின் தோற்றக் கதை. மனிதர் கோபத்தில் ஓநாயாக வெடித்து மாறுவதும், காட்டேரிகளோடு மோதுவதும் நாவலாசிரியை ஸ்டெஃபனி மேயரின் கற்பனை. கற்பனை செய்ய அவருக்கு உரிமை உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வழிபாட்டோடு சொல்லப்படும் ஒரு கதையும் பொழுதுபோக்குக் கதையும் ஒன்றாகக் குழம்பும்போது, எது எவருடையது என்று பிரித்துக் காட்டுவது பத்திரிகையின் வேலை அல்லவா? 2010-இல் சியாட்டில் கலை அருங்காட்சியகம், குவிலியூட் மக்களின் துணையோடு, இதற்காகவே ஒரு கண்காட்சி நடத்தியது.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன். குவிலியூட் மொழியின் அன்றாடப் பேச்சில் மூக்கொலிகளே கிடையாது. ம், ன் என்று முன்பு இருந்தவை காலப்போக்கில் வேறு ஒலிகளாகத் திரிந்துவிட்டன என்பர் மொழியியலாளர். உலகில் இத்தகைய மொழிகள் மிகச் சில. மெல்லினம் என்று ஆறு எழுத்துகளை வைத்திருக்கும் நமக்கு, ‘அம்மா’ என்று சொல்ல ஒரு மூக்கொலிகூட இல்லாத மொழியைக் கற்பனை செய்வதே கடினம். அதன் உறவுமொழியான ‘சிமகும்’ என்ற மொழி முன்பே அழிந்துவிட்டது. குவிலியூட்டைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய முதியோரும் இருபதாம் நூற்றாண்டோடு மறைந்துவிட்டார்கள். எஞ்சிய சொற்களை அம்மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கற்பித்துவருகிறார்கள். லா புஷ் என்ற பெயர்கூட அவர்கள் இட்டதன்று. ‘வாய்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து, ஆற்றுவாயைக் குறிக்க வந்தது.

அந்தப் பள்ளி அண்மைக்காலம் வரை கடலுக்கு மிக அருகில் இருந்தது. 1700 ஜனவரியில் அக்கடலோரத்தை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை ஜப்பான்வரை சென்று மோதியது. மீண்டும் வரும் என்பதில் அறிவியலாளர்களுக்கு ஐயமில்லை. 2004 டிசம்பரை மறக்காத நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டு நிலம் கேட்டுப் பல்லாண்டுகள் போராடிய பிறகு, 2012-இல் குடியரசுத் தலைவர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தால் 785 ஏக்கர் கிடைத்தது. 2022-இல் மேட்டில் புதிய பள்ளி திறக்கப்பட்டது. ஒரு பயணக் கட்டுரைக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ஃபோர்க்ஸ் நகரத்தாரைப் பற்றியும் ஒரு சொல். நாவலாசிரியை அந்த ஊரைப் பார்க்காமலேயே, நாட்டில் மழை மிகுந்த இடம் எது என்று தேடித் தேர்ந்தெடுத்தார். அது மரம் வெட்டி வாழ்ந்த ஊர். 1990-இல் அக்காடுகளில் வாழும் புள்ளி ஆந்தை அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டபின் காடுவெட்டு சுருங்கி, வருமானம் குன்றியிருந்த நேரத்தில் இந்த ரசிகர்கள் வந்தது அவ்வூருக்குப் பேருதவி. நாவலின் நாயகி ஓட்டுவது போன்ற பழைய சிவப்பு டிரக்கின் முன் படம் எடுத்துக்கொள்பவர்கள், பக்கத்திலேயே உள்ள மரத்தொழில் அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை சென்று வரலாம்.

லா புஷ் செல்பவர்களுக்குக் கட்டுரையில் சில குறிப்புகளாவது இருந்திருக்க வேண்டும். மனிதர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. 2009-இல் ஒரு படக்குழு அனுமதியின்றி அவர்களுடைய இடுகாட்டைப் படம்பிடித்து இணையத்தில் வெளியிட்டு அவர்களைப் புண்படுத்தியது. அந்த இடுகாட்டுக்குப் போகவே கூடாது. கரைக்கு எதிரே நிற்கும் அகலாத் தீவு, தலைவர்களை அடக்கம் செய்த இடம். வெளியார் கால் வைக்கக் கூடாது. தங்குவதென்றால் பழங்குடியினரே நடத்தும் கடற்கரை விடுதியில் தங்கலாம். செலவழிக்கும் பணம் அவர்களிடமே சேரும். ஜூலையில் நடக்கும் குவிலியூட் விழாவுக்கு எல்லோரும் வரலாம். அங்கே படகுப் போட்டியும் சால்மன் விருந்தும் உண்டு.

இவற்றை அடுத்த ஞாயிறு இதழில் அதே பயணப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘ஓநாய் மனிதர்களின் கிராமம்’ என்ற தொடரை இணையப் பதிப்பிலிருந்தாவது நீக்கி, அந்த இடத்தில் ‘குவிலியூட் மக்களின் ஊர்’ என்று திருத்தித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சியாட்டில்