ஒஸ்லோ இரவுகள்: ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

புலம்பெயர்ந்த இளையோர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒஸ்லோவின் இசை மண்டபங்களும் இரவு விடுதிகளும் எங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்கிறது அது. அப்படி ஒரு மண்டபத்தில் 2002 முதல் பதினொரு வருடம் வார இறுதி இரவுகளில் வருகிறவர்களின் கோட்டை இலக்கத் துண்டு கொடுத்து வாங்கி வைக்கும் வேலை பார்த்தவன் நான். அந்தப் பழியைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை.

1986 முதல் இசை மண்டபமாக இருக்கும் ரொக்கஃபெல்லர், ஒரு காலத்தில் ஊர் மக்கள் குளித்த பொதுக் குளிப்பகக் கட்டடத்தில் இருக்கிறது. ஆக்கர் ஆற்றங்கரையில் பழைய தொழிற்சாலைக்குள் 1998இல் தொடங்கிய ‘ப்ளோ’வில் ஜாஸ் கேட்கலாம். கட்டுரையில் இவை பற்றி ஒரு வரிகூட இல்லை.

பயப்பட வேண்டிய இடம் வேறு. இங்கே கடைகளில் பியர் விற்பனை வார நாளில் இரவு 8 மணிக்கும் சனிக்கிழமை மாலை 6 மணிக்கும் நின்றுவிடும். வைனும் கடும் மதுவும் அரசின் வின்மொனொபோலே கடையில் மட்டும்தான். பாரில் விலை கையைச் சுடும். அதனால் பிள்ளைகள் முன்கூட்டியே வாங்கி, யாராவது ஒருவரின் வீட்டில் கூடிக் குடித்துவிட்டுத்தான் நகரத்துக்குக் கிளம்புவார்கள். அதற்குப் பெயர் ஃபோர்ஷ்பீல். மண்டபம் மூடிய பிறகு மறுபடி ஒரு வீட்டில் கூடினால் அது நாக்ஷ்பீல்.

மண்டபத்தில் வாசல்காவலர் அடையாள அட்டை பார்ப்பார். பியருக்கும் வைனுக்கும் 18 வயது, கடும் மதுவுக்கு 20. குடிவெறி தெரிந்தால் உள்ளே விடவும் கூடாது, ஊற்றவும் கூடாது என்பது சட்டம். அதிகாலை 3 மணிக்கு மேல் ஒரு சொட்டும் ஊற்றமாட்டார்கள். வீட்டுக் கூட்டத்தில் இதையெல்லாம் பார்க்க யார் இருக்கிறார்கள்?

ஒரு தை மாத இரவு. எங்கள் பெண்பிள்ளை ஒன்று, பத்தொன்பது வயது இருக்கும், இலக்கத் துண்டை என் மேசையில் வைத்துவிட்டு அப்படியே சரிந்தாள். வரும்போது நன்றாகத்தான் இருந்தாள். வீட்டில் குடித்துவிட்டு வந்தது உள்ளே வந்த பிறகுதான் ஏறியிருக்கிறது. காவலர் கதிரை போட்டு, தண்ணீர் கொடுத்தார். நான் அவளுடைய கோட்டை எடுத்துப் போர்த்திவிட்டேன். அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை இருவரும் பக்கத்திலேயே நின்றோம். அவள் மண்டபத்துக்கு வராமல் அந்த வீட்டிலேயே சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

சட்டத்தின் கண் மண்டபத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். 2004 ஜூன் 1ஆம் திகதி பார்களில் புகைக்கத் தடை வந்தது, அங்கே வேலை செய்கிறவர்களின் சுவாசத்தை எண்ணித்தான். அதுவரை வேலை முடிந்து கொண்டுபோகும் சட்டையை மனைவி பல்கனியில்தான் போடுவாள்.

மண்டபத்துக்குப் போகாதே என்று மறித்தால் பிள்ளை, “சிநேகிதி வீட்டுக்குப் போறன் அம்மா” என்று சொல்லிவிட்டுப் போகும். அம்மாவும் நிம்மதியாகப் படுப்பார். ஃபோர்ஷ்பீல் நடப்பதே சிநேகிதி வீட்டில்தான். பிள்ளைகள் எங்கள் முன்னாலேயே தொலைபேசியில் சொல்லும் ஃபோர்ஷ்பீல், நாக்ஷ்பீல் என்ற இந்த இரண்டு நோர்வேச் சொற்களையும் பெற்றோர் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஒஸ்லோ