கோல்ஃப் மைதானப் பணியாளர்கள், கேடிகள் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, காலை வேலையை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மறைந்த மூத்த கேடிகளின் (ஆட்டக்காரரின் பையைச் சுமந்து உடன் செல்பவர்கள்) குடும்பங்களுக்குச் சங்க நிதியிலிருந்து உதவி சென்று சேர்ந்தது. இந்த ஆண்டு விரிவாகப் பேச வேண்டியது மைதானத்தில் அடிக்கும் பூச்சி, பூஞ்சை மருந்தைப் பற்றித்தான்.

கோல்ஃப் மைதானத்தைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் பராமரிக்கப் போவதாகக் கிளப் நிர்வாகம் ஆண்டுத் தொடக்கத்தில் அறிவித்தது. வாசலில் போர்டும் வைத்தது. நாமும் வரவேற்றோம். நீலகிரி 1986 முதல் உயிர்க்கோளக் காப்பகப் பகுதி. இங்கே ஓடையில் எது கலந்தாலும் மோயாற்றிலோ பவானியிலோ இறங்கி, கீழ்நாட்டு மக்கள் குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேரும். பொதுவாக ஒரு மைதானத்தின் 18 கிரீன்களையும் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) ஒன்றாகக் கூட்டினால் 3 ஏக்கர் சுமாருக்குத்தான் வரும். ஏக்கர் கணக்கில் பார்த்தால் மருந்து அதிகம் விழுவது அந்த இடத்தில்தான். எனவே கிரீனில் குறைத்தால்தான் குறைத்ததாக அர்த்தம்.

கிரீனில் மருந்து எப்படிக் குறைந்தது? பனி தட்டித்தான். புல்லில் பனி நெடுநேரம் நின்றால் காசளவுக்கு வட்டம் வட்டமாக வைக்கோல் நிறத்தில் காயும் பூஞ்சை நோய் வரும். முன்பு அதற்குப் பூஞ்சைக்கொல்லி அடிப்போம். இப்போது விடியும்போதே நீள மூங்கில் கழியோடு இறங்குகிறோம். நுனி மெலிந்து வளையும் கழியாக இருக்க வேண்டும். தரையை ஒட்டி அரைவட்டமாக வீசிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். கழி போன வழியெல்லாம் வெள்ளை கலைந்து கரும்பச்சையாகத் தெரியும். விட்டுப்போன இடம் எது என்று புல்லே காட்டிக்கொடுத்துவிடும். இலை சீக்கிரம் காய்ந்தால் பூஞ்சைக்குப் பிடிமானம் குறைவு. இதோடு, புல் வெட்டும் உயரத்தை அரை மில்லிமீட்டர் கூட்டினோம். ஒட்ட வெட்டிய புல் வேரை ஆழமாக இறக்காது, எளிதில் நோயில் விழும். பந்து மெதுவாக ஓடுகிறது என்று சில ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். டிவியில் பார்க்கும் அமெரிக்க மைதானம் போல இல்லை என்றும் ஒருவர் சொன்னார். அந்த மைதானத்துக்கு ஆகும் செலவை டிவியில் காட்டுவதில்லை.

பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்வெளியான ஃபேர்வேயில் வேர்ப்புழுத் தொல்லை இருந்தது. புழு இருக்கும் இடத்தைக் காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து ராத்திரியோடு ராத்திரியாக உழுது போட்டுவிடும். பழைய வழக்கப்படி குருணை மருந்து தூவலாம் என்று பேச்சு வந்தது. அப்போது நம் தலைவர் எடுத்துச் சொன்ன விஷயம் பதிவாக வேண்டும். அமெரிக்காவில் டயாசினான் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த கோல்ஃப் மைதானங்களில் மேய்ந்த வாத்துகள் கூட்டமாகச் செத்ததால், மைதானங்களில் அதன் பயன்பாட்டை 1988-இல் நிறுத்தினார்கள். நம் மைதானத்தில் மைனாவும் கரிச்சானும் புழு பொறுக்குவதை நாம் தினமும் பார்க்கிறோம். கடைசியில் மக்கிய சாணத்தில் புழுவைக் கொல்லும் பூஞ்சையான மெட்டாரைசியம் பொடியைக் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது மாலை வேளையில் இட்டோம். பலன் மெதுவாகத்தான் தெரிகிறது. பன்றி வருவது அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஓடைக் கரையில் கோர்ஸ் (gorse) என்ற முட்செடியையும் ஸ்காட்ச் புரூம் என்ற புதரையும் வேரோடு பிடுங்கினோம். இரண்டும் மஞ்சள் பூ. சுற்றுலா வருபவர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பிடுங்குகிறவர் கையைக் கேட்டால்தான் தெரியும். காய் வெடிக்கும் முன்பே பிடுங்க வேண்டும், ஏனென்றால் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். எனவே இந்த வேலை ஒரு வருடத்தோடு முடியாது. ஃபேர்வேக்கு வெளியே உள்ள ரஃப் பகுதியில் புல்லை வளரவிட்டதால் மெஷினுக்கு டீசல் மிச்சம். பந்து தேடும் கேடிக்குத்தான் கால் வலி.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் விறைத்த புல்லை மிதித்தால் மறுநாள் கால் தடம் பழுப்பாக நிற்கும். பனி உருகும்வரை ஆட்டத்தைத் தள்ளி வையுங்கள் என்று கேட்டோம். நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதற்கு நன்றி. ஆனால் காத்திருக்கும் நேரத்துக்குக் கேடிகளுக்குக் கூலி கிடையாது.

நமக்கு மனக்குறையே அங்கேதான். மருந்துச் செலவு குறைந்தது என்று நிர்வாகக் கூட்டத்தில் கைதட்டினார்கள். மருந்து குறைந்த இடத்தில் கைவேலை கூடியிருக்கிறது. விடிகாலைப் பனி தட்டல், குத்த வைத்துக் களை எடுப்பது, முட்செடி பிடுங்குவது, இவை எதுவும் வேலைப் பட்டியலில் இல்லை. அடிக்கும் கொஞ்ச மருந்துக்கும் 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் பாதுகாப்பு உடை தரவேண்டும் என்கின்றன. நம் உறுப்பினர் ஒருவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அடித்துவிட்டுத் தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான் கையுறையும் முகமூடியும் வந்தன. பூட்ஸ் இன்னும் வரவில்லை.

எனவே செயற்குழு மூன்று கோரிக்கைகளை எழுத்து மூலம் கொடுத்திருக்கிறது: பனி தட்டும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும், உறைபனியில் காத்திருக்கும் கேடிகளுக்குப் படி வேண்டும், மருந்து மிச்சத்தில் ஒரு பங்கு கைவேலைக் கூலிக்குப் போக வேண்டும். முதலாவதைப் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் பதில் இல்லை. அடுத்த பேச்சுவார்த்தைக்கு யார் யார் போவது என்பதை இன்றைய கூட்டமே முடிவு செய்ய வேண்டும். பெண் தொழிலாளர் ஒருவராவது அதில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் களை எடுப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

சந்தா பாக்கி உள்ளவர்கள் மாத இறுதிக்குள் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளவும். இவ்வறிக்கையைப் பொதுக்குழு விவாதித்து ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்