அப்பாவின் நாதஸ்வரமும் அணைக்காத கணினியும்

தஞ்சாவூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்ததையும், அப்பாவின் 43 கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி முடித்ததையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தாய். படித்து முடித்ததும் விஜயாவைக் கூப்பிட்டு மறுபடி உரக்கப் படித்துக் காட்டினேன். அவளுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறாள். உன் அப்பா நம் கல்லூரி விழாவில் வாசித்த தோடி அந்த கேசட்டுகளில் இருக்கிறதா என்று உடனே கேட்கச் சொன்னாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய கணினியை ஹால் மூலையில் அணைக்காமல் ஓடவிட்டு, மெல்போர்னில் இருக்கும் மகள் நினைத்த நேரத்தில் தாத்தாவின் வாசிப்பைக் கேட்கும்படி செய்யப் போகிறாய். நல்ல காரியம். ஆனால் "ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்று கடைப் பையன் சொன்னான்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் பகீரென்றது. போர்ட் என்பது இணையத்திலிருந்து வீட்டுக் கணினிக்குள் நுழையும் வாசல் மாதிரி. அந்தக் காரியத்தை மட்டும் செய்யாதே. அதைச் சொல்லத்தான் இவ்வளவு அவசரமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் செய்து பார்த்தவன். நாலு வருடத்துக்கு முன் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்றை வாங்கி, வெளியூரிலிருந்து நுழைய வசதியாக இருக்கட்டும் என்று 22-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்தேன். மறுநாள் காலை, யார் நுழையப் பார்த்தார்கள் என்று பதிவாகும் லாக் கோப்பைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஓடுகிறது. ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், பை என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ராத்திரி முழுக்க யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள். என் மேல் யாருக்கும் பகை கிடையாது. இணைய முகவரிகளை ஒன்று விடாமல் வரிசையாகத் தட்டிப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் 'பை' எப்படி வந்தது தெரியுமா? 2022 ஏப்ரல் வரை அந்தக் கணினியின் இயங்குதளம் 'பை' என்ற பயனர் பெயரோடும் 'ராஸ்பெர்ரி' என்ற கடவுச்சொல்லோடும்தான் வந்தது. நான் முதல் நாளே கடவுச்சொல்லை மாற்றியிருந்ததால் தப்பித்தேன்.

மாற்றாதவர்கள் நிறையப் பேர். 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியது. கேமராக்களும் ரவுட்டர்களும் தொழிற்சாலையிலிருந்து வரும்போது இருக்கும் அறுபது சொச்சம் பெயர், கடவுச்சொல் ஜோடிகள்தான் அதன் கையில் இருந்த ஆயுதம். அதை வைத்தே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்துவிட்டது. அந்த அக்டோபரில் அவற்றையெல்லாம் ஏவி அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்களைப் பல மணி நேரம் திணற வைத்தார்கள். வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் கேமரா இதில் சேர்ந்திருப்பதே தெரியாது.

உன் திட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது 2022 ஜனவரியில் நடந்தது. கியூநாப் நிறுவனத்தின், கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டிகளை வீட்டில் வைத்து, இணையத்துக்கு நேராகத் திறந்து விட்டிருந்தவர்களின் படங்களையும் பாட்டுகளையும் டெட்போல்ட் என்ற கும்பல் பூட்டிவிட்டு, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. நெதர்லாந்து போலீஸ் பணம் கட்டுவது போலக் கட்டி, சாவி கைக்கு வந்ததும் பணப் பரிமாற்றத்தை ரத்து செய்து, 150-க்கும் மேற்பட்ட சாவிகளை வாங்கிவிட்டது. அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் மற்றவர்களின் கல்யாணப் படங்கள் என்ன ஆனதோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

மகள் எப்படித்தான் கேட்பாள் என்கிறாயா? வயர்கார்டு என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அவள் கணினிக்கும் உன் கணினிக்கும் மட்டும் தெரிந்த சாவிகளை வைத்து நடுவில் ஒரு சுரங்கப்பாதை போடும். அதற்கும் ஒரு போர்ட் திறக்கத்தான் வேண்டும். ஆனால் சரியான சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது. தட்டுகிற நிரலுக்கு அங்கே ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். உன் இணைய நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரி கொடுத்திருந்தால் இது எடுபடாது. அப்போது டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள். உள்ளே இருப்பது அதே வயர்கார்டுதான், ரவுட்டரைத் தொடவே வேண்டாம். அப்படியே ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல்லை மாற்று. அதில் யூபிஎன்பி என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்து. உன்னைக் கேட்காமல் வீட்டுக் கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள வழி விடுவது அது.

அந்தக் கணினியில் விண்டோஸ் 10 என்று எழுதியிருந்தாய். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எப்போதும் ஓடப் போகிற இயந்திரத்தில் அது வேண்டாம். டெபியன் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே இறங்கும்படி வைத்துவிடு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் உலகத்தையே ஆட்டி வைத்ததே, அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

இவ்வளவு சொன்னாலும், எனக்கு இழப்பு வந்தது திருடனால் இல்லை, மின்சாரத்தால். போன மே மாதம் கோடை மழை. பத்து நிமிடத்தில் மூன்று முறை கரண்ட் போய்ப் போய் வந்தது. மூன்றாவது தடவை பளிச்சென்று ஒரு வெளிச்சம், அப்புறம் எல்லாம் அமைதி. கணினியின் டிஸ்க்கும் போயிற்று, பிரதி எடுத்து வைத்திருந்த டிஸ்க்கும் போயிற்று. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி வைத்திருந்தேன். அம்மா கைப்பட எழுதிய சமையல் குறிப்பு நோட்டைக் கரையான் அரித்த பிறகு, படம் பிடித்து வைத்த பக்கங்கள்தான் மிச்சம் இருந்தன. அவையும் அதோடு போயின. அம்மாவின் கையெழுத்து வீட்டில் இப்போது இரண்டு தபால் கார்டில்தான் இருக்கிறது.

அதனால் யூபிஎஸ் வாங்காமல் கணினியை ஓடவிடாதே. அதிலிருந்து கணினிக்கு ஒரு யூஎஸ்பி ஒயர் போகும்படியானதாகப் பார்த்து வாங்கு. பேட்டரி தீரப் போகும்போது கணினி தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். வீட்டு இன்வெர்ட்டர் போதும் என்றால், அதில் யூபிஎஸ் மோடுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பார். அதைப் போடாவிட்டால் கரண்ட் மாறுகிற அந்த நொடியில் கணினி மறுபடி தொடங்கிவிடும். எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தையும் சோதித்துவிடு. பழைய மேசைக் கணினி 80 வாட் இழுத்தால்கூட இரண்டு மாதத்துக்கு 115 யூனிட் ஆகிறது. நமக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே தின்றுவிடும். 10 வாட்டில் ஓடும் சின்னக் கணினி என்றால் 15 யூனிட்டுக்குள் முடியும். சூடும் குறைவு. யோசித்துப் பார்.

பிரதி எடுக்கும் டிஸ்க்கை மாதம் ஒரு முறை செருகி, வேலை முடிந்ததும் கழற்றி பீரோவில் வை. எடுத்த பிரதியிலிருந்து இரண்டு பாட்டைத் திறந்து கடைசி வரை கேட்டும் பார். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொரு டிஸ்க்கில் 43 கேசட்டையும் ஏற்றி எனக்கு அனுப்பு. கோயம்புத்தூரில் இடி விழுந்தாலும் வெள்ளம் வந்தாலும் தஞ்சாவூரில் ஒன்று இருக்கட்டும். விஜயாவின் பட்டுப்புடவைத் தட்டில் இடம் ஒதுக்கியாகிவிட்டது. கூரியரில் வேண்டாம், தீபாவளிக்கு வரும்போது கையில் கொண்டு வா. அந்தத் தோடி இருந்தால் அன்றைக்கே போட்டுக் கேட்போம்.

அன்புடன்,
ராஜேந்திரன்