பாட வேண்டியது சபை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெர்மன் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் வழிவந்த லுத்தரன் கோயில்களில் ஞாயிறு ஆராதனைக்கு இப்போது நல்ல ஒலிபெருக்கி இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, பாட்டு வரிகள் சுவரில் ஓடுகின்றன. சபையின் குரல் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. பாடகர் குழு பாட, மற்றவர்கள் உதட்டை அசைத்துக்கொண்டு நிற்கிறார்கள். காலம் மாறிவிட்டது, ரசனை மாறிவிட்டது என்று சொல்லி இதைக் கடந்துபோக முடியாது. லுத்தரன் வழிபாடு சபை பாடும் என்பதை நம்பியே அமைக்கப்பட்டது. அந்தக் குரலை மீட்கக் கூடிய இடம், எங்கள் கருத்தில், கல்லூரிப் பாடகர் குழுதான்.

1524-ல் நியூரம்பெர்க்கில் எட்டே பாடல்கள் கொண்ட ஒரு சிறு புத்தகம் அச்சானது. அவற்றில் நான்கு மார்ட்டின் லுத்தர் எழுதியவை. அதே ஆண்டு விட்டன்பெர்க்கில், லுத்தரோடு பணியாற்றிய இசைக்கலைஞர் யோஹான் வால்ட்டர் பல குரல்களுக்கு அமைத்த பாடல் தொகுப்பு வந்தது. அதன் முன்னுரையில் லுத்தர் காரணத்தைத் தெளிவாகவே எழுதுகிறார்: இளைஞர்களுக்கு இசையிலும் மற்ற நல்ல கலைகளிலும் பயிற்சி வேண்டும், தெருவில் கேட்கும் காதல் பாட்டுகளுக்கு மாற்றாக அவர்கள் பாட நல்லது ஏதாவது வேண்டும். அதாவது முதல் நாளிலிருந்தே பல குரல் இசை மாணவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. பள்ளியில் கற்றதை அவர்கள் கோயிலுக்குக் கொண்டுவந்து சபையோடு சேர்ந்து பாடினார்கள். 1526-ல் வெளியான ஜெர்மன் ஆராதனை முறையில் விசுவாசப்பிரமாணத்தின் இடத்தில் ஒரு பாட்டையே லுத்தர் வைத்தார். அந்த இடத்தில் சபை வாய் திறக்கவில்லை என்றால் விசுவாசத்தை அறிக்கையிடவில்லை என்றுதான் பொருள். ஞானப்பாட்டு ஆராதனைக்கு நடுவே வரும் இடைவேளை நிகழ்ச்சி ஆகாது.

சரி, சபை ஏன் பாடுவதில்லை? பெரும்பாலான இடங்களில் முதல் காரணம் சுருதி. பயிற்சி இல்லாதவர்கள் சிரமமின்றிப் பாடக்கூடிய எல்லை, பெண்களுக்குக் கீபோர்டின் நடு சி-க்குச் சற்றுக் கீழே உள்ள பி ஃப்ளாட்டிலிருந்து அடுத்த ஸ்தாயியின் டி வரை; ஆண்களுக்கு அதற்கு ஓர் ஸ்தாயி கீழே. வேதாகமத்தின் 46-ம் சங்கீதத்தை ஒட்டி லுத்தர் எழுதிய 'ஐன் ஃபெஸ்டெ புர்க்' (உறுதியான கோட்டை) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மெட்டு மேல் ஸ்தாயி ஷட்ஜத்திலேயே, அதே சுரத்தை மூன்று முறை அடித்துத் தொடங்குகிறது. டி-யை ஷட்ஜமாக வைத்து டி மேஜரில் வாசித்தால் தொண்டை இன்னும் திறக்காத காலை நேரத்தில் மேல் டி-யை மூன்று முறை எட்ட வேண்டும். பாதிப் பேர் முதல் வரியிலேயே விட்டுவிடுவார்கள். ஒரு முழுச் சுரம் இறக்கி சி மேஜரில் வாசித்தால் அதே சபை அதே பாட்டை முழுக் குரலில் பாடும். பாட்டு முழுவதும் ஒரே ஸ்தாயிக்குள் அடங்குவதால் கீழேயும் யாருக்கும் சிரமம் இல்லை. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிகிற வேலை இது.

அதே மெட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. லுத்தர் காலத்து வடிவில் நீண்ட சுரமும் குறுகிய சுரமும் கலந்து துள்ளலாக வரும். பிறகு வந்த நூற்றாண்டுகளில் எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சமன் செய்யப்பட்டன. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் நான்கு குரல் அமைப்பில் இருப்பது அந்த வடிவம்தான். 19-ம் நூற்றாண்டில் பழைய வடிவத்தை மீட்டெடுத்தார்கள். இரண்டுமே இன்று புழக்கத்தில் உள்ளன. ஆர்கன் வாசிப்பவர் ஒன்றையும் பாடகர் குழு மற்றதையும் மனதில் வைத்திருந்தால் இரண்டாம் வரிக்குள் மோதல் வந்துவிடும். எந்த வடிவம் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது காலதாமதம். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. கோயிலின் பின்மாடத்தில் ஆர்கன், 34 மீட்டர் தள்ளி முன்புறம் பாடகர் குழு என்றால், ஆர்கன் ஒலி குழுவை எட்ட ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். குழுவின் குரல் திரும்பி வர இன்னொரு பத்தில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 80 தட்டு என்ற வேகத்தில் இது ஒரு தட்டில் கால் பங்குக்கும் அதிகம். ஆர்கன் வாசிப்பவர் குரல் வரட்டும் என்று காத்திருந்தால் குழு இவருக்காகக் காத்திருக்கும். வரிக்கு வரி பாட்டு இழுத்துக்கொண்டே போகும். வாசிப்பவர் தன் காதை நம்பாமல் தன் தாளத்தை நம்ப வேண்டிய இடம் இது. முன்னிசையைப் பாடப்போகும் வேகத்திலேயே வாசிக்க வேண்டும். வரி முடிவில் கையைச் சற்று எடுத்தால் அதுவே சபைக்கு 'மூச்சு எடு' என்ற சைகை. இரண்டு சரணங்களுக்கு நடுவே விடும் இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கைத் தட்டாக இருக்க வேண்டும். முதல் முறை ஒரு தட்டும் அடுத்த முறை மூன்று தட்டும் விட்டால் எப்போது தொடங்குவது என்று தெரியாமல் சபை தயங்கும். தயங்கிய சபை மெதுவாகத்தான் பாடும்.

மைக்கைப் பற்றி ஒரே வார்த்தை: முதல் சரணம் முடிந்ததும் குறைத்துவிடுங்கள். தன் பக்கத்தில் இருப்பவர் பாடுவது காதில் விழுந்தால்தான் ஒருவருக்குப் பாடத் துணிச்சல் வரும்.

தமிழில் பாடும்போது வேறொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க இப்போது ஆளே இல்லை என்பது எங்கள் வருத்தம். 1706-ல் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கிய பிறகு ஜெர்மன் மெட்டுகளும் வந்தன. ஃபப்ரீசியஸ் போன்ற மிஷனரிகள் அந்தப் பாட்டுகளைத் தமிழில் தந்தார்கள். ஜெர்மன் மொழியில் சொல்லின் அழுத்தம் மெட்டின் வலுவான தட்டில் விழ வேண்டும். தமிழில் குறில் நெடில் மாறினால் பொருளே மாறிவிடும். 'அவர் வரும் நாள்' என்ற வரியில் 'வ' ஒரு நீண்ட சுரத்தில் விழுந்தால் சபை 'அவர் வாரும் நாள்' என்று பாடும். 'சமாதானம் தரும் தேவன்' என்பது 'தாரும் தேவன்' ஆகிவிடும். அறிக்கை ஒன்று விண்ணப்பமாக மாறிவிட்டதை யாரும் கவனிப்பதில்லை. இதைத் தவிர்க்க, நீண்ட சுரம் இரண்டு தட்டு என்றால் 'வ'வை அரைத் தட்டோடு நிறுத்தி, அதே சுரத்தில் 'ரும்' என்பதற்குப் போய்விட வேண்டும். பாடகர் குழு இதைப் பழகிவிட்டால் சபை தானாகப் பின்பற்றும்.

புதிதாக எழுதுபவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. கோரல் எனப்படும் லுத்தரன் சபைப்பாட்டு மெட்டுகள் பல வலுவில்லாத ஒரு முன்தட்டோடு தொடங்குகின்றன. அங்கே நிரையசையில் தொடங்கும் சொல்லை வைத்தால் குறில் முன்தட்டிலும் அடுத்த எழுத்து வலுவான தட்டிலும் உட்காரும். எதுகை இரண்டாம் எழுத்தில் அல்லவா வருகிறது? அதுவும் அந்த வலுவான தட்டிலேயே ஒலிக்கும். நெடிலில் தொடங்கும் சொற்களை நேரடியாகத் தட்டில் தொடங்கும் மெட்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். யாப்பு படித்த மாணவரும் நான்கு குரல் தெரிந்த மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் செய்யக்கூடிய வேலை இது. அப்படி உட்கார இடம் கல்லூரியைத் தவிர வேறு எங்கே இருக்கிறது?

கீர்த்தனை என்பது வேறு உலகம். ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸிடம் கல்வி கற்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) வழியில் வந்த பாடல்களுக்கு ராகமும் தாளமும்தான் உயிர். ஹார்மோனியத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று சுரக் கார்டு போட்டு அடித்தால் கமகம் செத்துவிடும். ஷட்ஜமும் பஞ்சமமும் சுருதியாக நிற்கட்டும், வலது கை மெட்டை மட்டும் தொடரட்டும். முன்பாடுபவர் ஒரு வரி, சபை அதே வரி; ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவிக்கு எல்லாரும் சேர்ந்து திரும்புவது. புத்தகம் இல்லாதவரும் பாடிவிடலாம்.

இனி கல்லூரிக்கு வருகிறோம். எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்விக்குப் பழைய பதில் ஒன்று உண்டு. லைப்சிக் தோமா பள்ளியின் இசைப் பொறுப்பில் இருந்த பாக், 1730 ஆகஸ்டில் நகரசபைக்கு எழுதிய மனுவில் குரலுக்கு மூன்று பேர், மொத்தம் 12 பேராவது ஒரு குழுவுக்கு வேண்டும் என்கிறார். நான்கு நான்காக 16 பேர் இருந்தால் இன்னும் நல்லது. யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனாலும் பாட்டு நிற்கக் கூடாது என்பதே அவர் சொல்லும் காரணம். அதே மனுவில் தன் மாணவர்களைப் பிரித்தும் காட்டுகிறார்: 17 பேர் பயன்படுவார்கள், 20 பேர் இன்னும் தேற வேண்டும், 17 பேர் இசைக்கே ஆகாதவர்கள். பாக்கிடமே அப்படி என்றால், நல்ல குரல் கிடைக்கவில்லை என்று கல்லூரிகள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. இன்னும் தேறாத அந்த 20 பேரைத் தேற்றுவதுதான் பயிற்சி. அமெரிக்காவின் மினசோட்டாவில் நார்வேயிலிருந்து குடியேறிய லுத்தரன்கள் 1874-ல் தொடங்கியது செயின்ட் ஓலாஃப் கல்லூரி. அங்கே எஃப். மெலியஸ் கிறிஸ்டியன்சன் 1912-ல் உருவாக்கிய பாடகர் குழு இன்றும் பாடுகிறது. இசையைப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்கும் அதில் இடம் உண்டு.

பயிற்சியை வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் வைப்பதைவிட மூன்று நாள் ஒவ்வொரு மணி நேரம் வைப்பது நல்லது. இரண்டாம் மணி நேரத்தில் தொண்டை களைத்துவிடும். களைத்த தொண்டை தவறைத்தான் மனப்பாடம் செய்யும். ஒவ்வொரு நாளும் முதல் பத்து நிமிடம் மூச்சும் குரலும், அடுத்த பதினைந்து நிமிடம் பார்த்துப் பாடுதல், மீதி நேரம் பாட்டு. பார்த்துப் பாடும் பகுதியைத்தான் எல்லாரும் வெட்டுகிறார்கள். அதை வெட்டினால் மாணவர் ஆண்டுக்கு நான்கு பாட்டைக் காதால் கற்றுக்கொண்டு வெளியே போவார். எந்தப் புத்தகத்தையும் திறந்து பாடும் திறமை வராது. சுரங்களை டோ, ரே, மி என்ற பெயர்களால் குறிக்கும் டோனிக் சோல்ஃபா கற்பது நம் மாணவர்களுக்குக் கடினமும் இல்லை. ஷட்ஜம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து கணக்கு என்பது சரிகமபதநி பாடியவருக்குத் தெரிந்த சங்கதிதானே.

ஆர்கன் துணையின்றிப் பாடும்போது சுருதி இறங்குவது எல்லாக் குழுவுக்கும் உள்ள வியாதி. இறங்கு வரிசையில் படிகளைப் பெரிதாக எடுப்பதும் ஏறு வரிசையில் சிறிதாக எடுப்பதும்தான் முக்கியக் காரணம். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் நடுக் குரல்களான ஆல்ட்டோவும் டெனாரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சரிவார்கள். வரிக் கடைசியில் மூச்சு தீர்ந்தாலும் அப்படியே. "உயர்த்திப் பாடுங்கள்" என்று கத்துவதால் குரல் இறுகுமே தவிர சுருதி ஏறாது. அடிக்குரலான பேஸும் டெனாரும் ஷட்ஜ பஞ்சமத்தை முதலில் தனியாகப் பிடித்து நிற்கட்டும், பிறகு காந்தாரம் சேரட்டும். ஒரு சரணத்தைச் சொல்லில்லாமல் 'ஊ' என்று பாடிப் பார்த்தால் எந்தக் குரல் சரிகிறது என்று உடனே தெரியும். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் சுருதிக்குழலை ஊதிச் சோதியுங்கள். அரைச் சுரம் இறங்கியிருந்தால் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க ஐந்து நிமிடம் செலவழிப்பது வீணாகாது.

இந்தக் குழு கல்லூரி விழாவில் வரவேற்புப் பாட்டு பாடுவதோடு நின்றுவிடக் கூடாது. வாரம் ஒருநாள் சேப்பலில் (கல்லூரிச் சிற்றாலயத்தில்) சபையோடு மாறி மாறிப் பாடட்டும்: முதல் சரணம் எல்லாரும் ஒரே குரலில், இரண்டாவது சரணம் குழு மட்டும் நான்கு குரலில், மூன்றாவது மீண்டும் எல்லாரும். லுத்தரன் மரபில் இது மிகப் பழைய பழக்கம். குழுவின் அழகும் கேட்கிறது, சபையின் பங்கும் பறிபோவதில்லை. புதுப் பாட்டு என்றால் ஆராதனைக்கு ஐந்து நிமிடம் முன்பு சொல்லிக்கொடுத்து, மூன்று நான்கு வாரம் தொடர்ந்து பாட வேண்டும். ஒரே ஆராதனையில் இரண்டு புதுப் பாட்டு வேண்டாம். பதிவு செய்த பின்னணி இசையை எந்தக் காரணத்துக்காகவும் இதற்குள் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அது யாருக்காகவும் மூச்சு விடாது. ஒரு வரியைத் தவறவிட்ட முதியவரை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடும்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. பயிற்சி நேரத்தைக் கால அட்டவணைக்குள், வகுப்பு நேரத்திலேயே வையுங்கள். மாலையில் வகுப்புகள் முடிந்த பிறகு என்றால் விடுதி மாணவர்கள் மட்டுமே வருவார்கள். வீட்டிலிருந்து வருபவர்கள் பேருந்தைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். ஏற்கெனவே டெனாருக்கு ஆள் கிடைப்பது அரிது.

இப்படிக்கு,
லுத்தரன் சபைகளிலும் கல்லூரிகளிலும் பாடகர் குழுக்களுக்குப் பயிற்சி தருவோர்